அக்கா பேரில்

ஜூன் 8

இது போன வருடத்து டைரி. கிழமை பொருந்தாது, தேதியை மட்டும் எடுத்துக்கொள் என்று சொல்லி ராஜகனி அத்தை கொடுத்தார். சொந்த அத்தை இல்லை. எங்கள் ஊர்ப் பீடிப் பெண்கள் சங்கத்தின் தலைவி. என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அவர் அத்தைதான்.

"பேசுததுக்குத்தான் நீ காசு கேக்க, முப்பி. எழுதவாது செய்" என்றார்.

என் பெயர் முப்புடாதி. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அந்த வருடம்தான் அப்பா இறந்தார். நெஞ்சு வலி. அம்மா அப்படித்தான் சொல்வாள். அம்மா, செண்பகம் அக்கா, நான் மூன்று பேரும் பீடி சுற்றுகிறோம்.

வியாழக்கிழமை தோறும் மெடிக்கல் காலேஜ் மாணவர்கள் சங்கத்தோடு சேர்ந்து வீடு வீடாக வரப் போகிறார்களாம். இருமுகிறவர்களிடம் சளி வாங்கிச் சோதிப்பார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பீடிக் கூலி போய்விடும் என்று இங்கே யாரும் போவதில்லை. அதனால் ஆஸ்பத்திரி இங்கே வரட்டும் என்று அத்தையே காலேஜுக்குப் போய்ப் பேசினாராம். என் வேலை, அவர்களோடு போய் டப்பாவில் பெயரும் கதவு எண்ணும் எழுதி ஒட்டுவது. என் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறதாம்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அத்தை அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.



ஜூன் 11

நான்கு பேர் வந்தார்கள். வெள்ளைக் கோட்டோடு வேனை விட்டு இறங்கினார்கள். அத்தை அங்கேயே நிறுத்திவிட்டார். "இத மாட்டிக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள போனியன்னா, அந்த வீட்டுல சாவு விழப்போவுதுன்னு தெருவே சொல்லும். கழட்டி வண்டில போடுங்க" என்றார். கழற்றினார்கள். கழற்றிய பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தார்கள், கொஞ்சம் கூடுதலாகச் சோறு தின்ற பிள்ளைகள்.

நான் போன பக்கத்துக்கு ஹெப்சிபா, தருண் என்று இரண்டு பேர். ஹெப்சிபா நாகர்கோவில்காரர். "அக்கான்னு கூப்பிடு" என்றார். எனக்கு ஏற்கனவே ஒரு அக்கா இருப்பதால் இதில் பெயரையே எழுதுகிறேன். தருண் சேலம். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் விளங்குகிறது.

முதல் வீட்டில் நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். தருண் பேனாவை எடுத்து, "பீடிப் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார்.

"உண்டு" என்றார் சொர்ணத்தாச்சி.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"எண்ணூறு. கரண்டு போவலன்னா ஆயிரம்."

தருண் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரித்தது இருமலாகி, ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போய், வீடு முழுக்க இருமியது. நானும்தான் இருமினேன். ஹெப்சிபா மட்டும் சிரிக்காமல் ஒவ்வொருவராகப் பார்த்தார். "யாருக்கு இருமல் ரெண்டு வாரமா இருக்கு?" என்றார்.

"ஏம்மா, இந்த ஊர்ல இருமாதவளப் பாத்துத்தான் என்னன்னு கேக்கணும்" என்றார் அத்தை.

எங்கள் வரிசை வந்தபோது நான் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அவர்களும் அந்தப் பக்கமே போய்விட்டார்கள்.

ஜூன் 12

சாரல். குளிர்ந்த காற்று. ஆனாலும் எழுந்தபோது பாய் நனைந்திருந்தது. போர்வை கனம் அதிகம், அதனால்தான்.

ஜூன் 18

இன்று எங்கள் வரிசையை விட முடியவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல தாயி" என்றாள். அதே நேரத்தில் உள்ளே அக்கா இருமினாள். மூன்று தடவை. நான் ஹெப்சிபாவின் பின்னால் நின்று தரையைப் பார்த்தேன்.

ஹெப்சிபா உள்ளே வந்து அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா என்று கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இருமல் மட்டும்தான். கேள்விகளைக் கேட்கக் கேட்க எனக்குத்தான் கை சில்லென்று ஆகிக்கொண்டு வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஒரு டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

அவர்கள் போனதும் அம்மா சத்தம் வராமல் கத்தினாள். "ஆவணில கல்யாணத்த வச்சிக்கிட்டு துப்பிக் குடுக்காளாம் துப்பி. அம்பைக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்? தாம்பூலம் மாத்துனவங்க திருப்பி மாத்த எம்புட்டு நேரம் ஆவும்?" அம்பாசமுத்திரத்தில்தான் அக்காவின் மாப்பிள்ளை. பெயின்ட் கடையில் இருக்கிறார்.

"குடுக்கலன்னா ராசகனி அத்த விட மாட்டா. நாளைக்கு வந்து நிப்பா" என்றாள் அக்கா.

அம்மா பீடிக்கடைக்குப் போன பிறகு அக்கா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். "முப்பி, நீ துப்பிக் குடுட்டி. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. பீடிக்கடையில் கணக்கு எழுதும் அட்டை அக்கா பேரில்தான் இருக்கிறது. எனக்குப் புரட்டாசியில்தான் பதினெட்டு முடிகிறது, அதுவரை அட்டை கிடையாது. இத்தனை வருடமாக நான் சுற்றியதெல்லாம் அக்கா பேரில்தான் போகிறது. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பீடியைச் சரிபார்க்கும் செக்கர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். எந்தக் கை சுற்றியது என்று கேட்க மாட்டார்.

சரி என்று தலையாட்டினேன்.

ஜூன் 19

சீக்கிரம் வந்துவிட்டது. அவ்வளவு இருமத் தேவைப்படவில்லை.

அக்கா டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உனக்கு இம்புட்டுச் சளியாட்டி?" என்றாள்.

"புகையிலைத் தூள் வாடை" என்றேன்.

மூடியில் சீட்டு ஒட்டினேன். செண்பகவல்லி. கதவு எண் 41. எழுத்து அழகாக வந்தது.

ரவிக்கைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். மூன்றும் தொளதொளவென்று ஆகிவிட்டன. துணி மட்டம்.

ஜூன் 22

வியாழன் இல்லாத நாளில் ராஜகனி அத்தையும் ஹெப்சிபாவும் வந்தார்கள். அவர்கள் தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். கத்திரி கையிலிருந்து விழுந்துவிட்டது.

கதவைச் சாத்தச் சொன்னார்கள். நான் வெளியே போகப் பார்த்தேன். "நீயும் இரு, நீ வீட்டு ஆள்தானே" என்றார் ஹெப்சிபா. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சளியில் கிருமி இருக்கிறது, பயப்படாதே, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் முழுக்கச் சரியாகிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னபோது அம்மா, "மெல்ல, மெல்ல" என்று கையை ஆட்டினாள்.

அக்கா ஹெப்சிபாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போனேன். பால் ஒன்றும் பொங்கவில்லை.

ஜூன் 23

அம்மா அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டாள். டம்ளரைப் பின்கதவுக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டினாள். அந்த ஆணி எனக்குத் தெரியும். அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது அவருடைய டம்ளர் அங்கேதான் தொங்கியது. ஏன் என்று அப்போது கேட்டதற்கு, எறும்பு ஏறுகிறது என்றாள் அம்மா.

அக்காவின் பாய் பின்பக்கச் சாய்ப்புக்குப் போய்விட்டது. ஆடு கட்டும் இடம். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்தாள்.

சொன்னால் அக்காவுக்கு விடுதலை. ஆனால் சொன்னால் அவளும் துப்ப வேண்டிவரும். அவளும் இருமுகிறாள். அதனால்தான் அவளும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்லாததற்கு வேறு காரணம். என்ன காரணம் என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 24

ராஜகனி அத்தை மாத்திரை கொண்டுவந்து, அக்கா விழுங்குகிறாளா என்று நின்று பார்த்தார். பெரிய மாத்திரைகள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

தண்ணீர் தவித்தது. நான் ஆணியில் இருந்த டம்ளரை எடுத்துக் குடித்தேன். கைக்கு அதுதான் அகப்பட்டது.

ஜூன் 25

காலையில் கொல்லையிலிருந்து அக்கா அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தால், "ஒண்ணுக்கு ரத்தமாப் போவுதுட்டி" என்று நடுங்குகிறாள். மத்தியானம் ஹெப்சிபா வந்து, அது மாத்திரையின் நிறம், ஆரஞ்சு நிறமாகத்தான் போகும், ஒன்றும் செய்யாது என்றார். சொல்ல மறந்துவிட்டேன், மன்னித்துவிடு என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார்.

அவர் போன பிறகு அக்கா மாத்திரை அட்டையை என் மடியில் போட்டாள்.

"இனிமே நீ தின்னு. ஒனக்குள்ளதுதான."

"எனக்கு எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதாக்கும்?"

அவ்வளவுதான் பேசினோம். அத்தை வரும் நேரத்தில் அக்கா வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அவர் போனதும் துப்பி என்னிடம் தருவதாக ஏற்பாடு. அட்டையில் மீதி இருப்பதையும் நான் தின்பதாக ஏற்பாடு.

நான் தின்னவில்லை. இலைக் கழிவு போடும் சாக்குக்குள் போட்டுவிட்டேன். தின்றால் அது என்னுடையது என்று ஆகிவிடும்.

ஜூலை 2

சங்கத்தில் எல்லோரையும் எடை பார்த்தார்கள். ஹெப்சிபா என்னையும் ஏறச் சொன்னார். "நீ முதல் நாளைவிட மெலிஞ்சு தெரியறியே" என்றார். ஏறினேன். எடை சரியாகத்தான் இருந்ததாம். இறங்கி நடந்தபோதுதான் இடுப்பில் கத்திரியும் இலை வெட்டும் இரும்புத் தகடும் செருகியிருந்தது ஞாபகம் வந்தது. வீட்டில் வைத்துவிட்டு வர மறந்துவிட்டேன்.

பதினாறாம் தேதி எக்ஸ்ரே வண்டி வருகிறதாம். நோய் கண்ட வீட்டில் எல்லோரும் படம் எடுக்க வேண்டுமாம். அம்மா அத்தையிடம், "பெரியவளுக்குத்தான் வந்துட்டு. சின்னவளையும் இழுத்துக் கெடுத்துராதிய. ஒண்ணாவது எனக்கு மிஞ்சட்டும்" என்று சொல்லி அழுதாள்.

ஒண்ணாவது என்றால் நான்தான்.

ஜூலை 5

இருமியபோது உள்ளங்கையில் கொஞ்சம் சிவப்பு. ஈறாக இருக்கும். சாம்பல் போட்டுக் கழுவினேன். மூன்று தடவை கழுவினேன்.

ஜூலை 9



அம்மா என் தலையைப் பின்னிவிட்டாள். அவள் பின்னிவிட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. பின்னிக்கொண்டே சொன்னாள். அம்பைக்காரர்கள் நல்ல மாதிரி, கைநழுவ விட்டால் இனி அப்படி ஒரு இடம் அமையாது. பெரியவளுக்கு உடம்பு சுகமில்லை, கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லிவிட்டாளாம். நோய் இன்னது என்று சொல்லவில்லையாம். சின்னவள் இருக்கிறாளே என்று அவர்களே கேட்டார்களாம்.

"புரட்டாசில உனக்குப் பதினெட்டு முடிஞ்சிரும். ஐப்பசில வச்சிக்கிடலாம். ஆடி பொறக்க முன்னால ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்னு மாப்பிள்ளயோட அம்மா சொல்லுதாவ."

நான் பேசவில்லை. பேசாவிட்டால் சரி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சாய்ப்பில் அக்காவின் கத்திரிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஜூலை 12

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும், மகள் வயிற்றுப் பேத்தியும். பேத்திக்கு எட்டு ஒன்பது மாதம் இருக்கும். பெயர் நிலாமதி.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்ல மாட்டார்கள். முறத்தை மடியில் கொடுத்துச் சுற்றச் சொல்வார்கள். எனக்கு ஆட்கள் பார்த்தாலே விரல் விறைத்துப்போகும். ஆனால் பீடி மட்டும் விரலுக்கே தெரியும். இலையை எடுத்துத் தூளைப் பரப்பிச் சுருட்டி, முனை மடித்து நூல் கட்டினேன். அவர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"மயினி, பிள்ள கெட்டியாத்தான் சுத்துதா. ஆளுதான் நூலு மாதிரி இருக்கா. எங்க வீட்டுக்கு வந்தா நாலு மாசத்துல குண்டாக்கிருவேன் பாரு" என்று சிரித்தார். நல்ல மனுஷி. அதுதான் பயமாக இருந்தது.

என் கையைப் பிடித்தார். "கை சுடுதே?"

"இப்பத்தான் அடுப்படில நின்னா" என்றாள் அம்மா.

அடுப்பு காலையிலேயே அணைந்துவிட்டது.

காபி குடிக்க வேண்டும் என்று, அவர் நிலாமதியைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்தார். முறம் இருந்த இடத்தில் பிள்ளை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, வாய்க்குள் விரலை விட்டது. பல்லைப் பிடித்து இழுத்தது. அப்போது எனக்கு இருமல் வந்தது.

விடக் கூடாது என்று நினைத்தேன். மூச்சை அடக்கினேன். அடக்க அடக்க நெஞ்சுக்குள் என்னவோ பிராண்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளை என் மூக்கோடு மூக்கை வைத்துத் தேய்த்தது. அம்மா என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. இந்தப் பிள்ளை, இந்தப் பிள்ளை என்று மட்டும் உள்ளே ஓடியது.

பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். அது வீறிட்டு அழுதது. சாய்ப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினேன். இந்தத் தடவை உள்ளங்கை கொள்ளவில்லை. ஈறு இல்லை.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வந்து தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளேயிருந்து, "வெக்கப்படுதா பிள்ள" என்று அம்மாவின் சிரிப்புக் கேட்டது.

ஜூலை 13

நிலாமதி. நிலாமதி. நிலாமதி.

ஜூலை 15

நாளைக்கு வண்டி வருகிறது. வீட்டிலேயே இருந்து சுற்று, போகாதே என்கிறாள் அம்மா. சீட்டு எழுத ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அப்பா கடைசியில் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தது ஞாபகம் வருகிறது. நெஞ்சு வலிக்காரர் எதற்கு அப்படி இருமினார்?

ஜூலை 16

சங்கத்து மைதானத்தில் வண்டி நின்றது. வேப்பமரத்தடியில் மேசை. நான் சீட்டு எழுத உட்கார்ந்தேன். தருண் இப்போது எங்கள் பேச்சைப் பழகிவிட்டார். "ஏட்டி வாட்டி" என்று சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போலச் சொர்ணத்தாச்சியையே கூப்பிட்டு, முதுகில் ஒரு அடி வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா வரிசையில் நின்றாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டம் குறைந்தது. ஹெப்சிபா, "அடுத்து யாரு முப்பி?" என்று கேட்டபடி கையுறையை மாற்றினார். அடுத்து யாரும் இல்லை. நான் ஒரு சீட்டை எடுத்தேன். முப்புடாதி என்று எழுதினேன். கதவு எண் 41. எழுத்து குண்டாக வரவில்லை, புழு மாதிரி இருந்தது. அதை ஒரு டப்பாவில் ஒட்டி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். "நீயா? உனக்கு எத்தனை நாளா இருமல்?"

எனக்குக் குரல் வரவில்லை.  அவர் காத்திருந்தார். மற்றவர்கள் மாதிரி என் மௌனத்தை எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"போன மாசமே குடுத்துட்டேன்" என்றேன்.

"எப்போ? உன் பேர்ல எதுவும் வரலையே."

"அக்கா பேர்ல."

ராஜகனி அத்தை பக்கத்தில்தான் இருந்தார். முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட சவத்து மூதி! பீடிதான் அக்கா பேருல போவும். இதுவுமாட்டி?" சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹெப்சிபா எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு முகமூடி மாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் கயிற்றைச் செருகும்போது இரண்டு தடவை நழுவவிட்டார். அவருக்கும் பயம் வரும் என்று எனக்குத் தெரியாது. "ஒரு மாசமா உன்கூடவே நடந்திருக்கேன். ஊரெல்லாம் கேட்டேன். உன்னைக் கேட்கல" என்றார்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். வியர்வை, ரவிக்கை, கத்திரி, சிவப்பு, எல்லாம் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் யாரோடும் பேசியதில்லை.

"மாத்திரை?"

"சாக்குக்குள்ள கெடக்கு."

"ஒண்ணுகூடச் சாப்பிடலையா?"

"இல்ல."

அவர் மூச்சை விட்டார். "சரி. அரையும் குறையுமாச் சாப்பிட்டிருந்தா கிருமி மருந்துக்குப் பழகிடும், அப்பதான் எனக்கு இன்னும் பயமா இருந்திருக்கும்."

வண்டிக்குள் ஏற்றிப் படம் எடுத்தார்கள். வலப்பக்கம் மேலே, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது மாதிரி இருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. 

கடைசியாக, என் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அம்மா, அக்கா, தெருவில் கூட உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அம்பையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் அப்போது வண்டிப் படியில் நின்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள், "சொல்லு" என்றாள்.

"நிலாமதின்னு ஒரு பிள்ள" என்றேன். "அம்பாசமுத்திரத்துல."

அம்மா ஓடி வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கப் போகிறாள் என்று தோளைக் குறுக்கினேன். அக்கா நடுவில் வந்து, "நான்தான் அவளத் துப்பச் சொன்னேன். அடிக்கணும்னா என்னிய அடி" என்றாள்.

அம்மா யாரையும் அடிக்கவில்லை. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. வாசலில் கோலம் இல்லை.

என் டம்ளர் இப்போது ஆணியில் தொங்குகிறது. அக்காவுடையது கீழே வந்துவிட்டது. ஹெப்சிபா டம்ளரால் ஒட்டாது, மூச்சிலும் இருமலிலும்தான் பரவும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அது போதும் என்று நேற்றே சொன்னார். அம்மா ஜன்னலைத் திறந்தாள். டம்ளரையும் மாட்டினாள்.

ஜூலை 20

அக்காவுக்கு ஒன்றும் இல்லை. தூசி இருமல். எங்கள் வீட்டில் அவளும் அம்மாவும் நோய் வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டுமாம். எனக்கு இருக்கிறது. ஆனால் மாத்திரைக்குக் கேட்கிற வகைதானாம். ஹெப்சிபா அதைச் சொல்லும்போது பரீட்சையில் தேறியது மாதிரி சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அத்தையும் தருணும் அம்பைக்குப் போய்வந்தார்கள். நிலாமதிக்கு எதுவும் இல்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் கத்தினாராம். பிறகு, "அந்தப் பிள்ளயா சொல்லிச்சு?" என்று கேட்டாராம்.  கிளம்பும்போது, "ஆடி கழியட்டும்" என்றாராம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா அத்தையை நாலு தடவை கேட்டுவிட்டாள். அத்தைக்கும் தெரியவில்லை.

ஜூலை 27

தூளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாய்ப்பில் என் பாய். ஆட்டின் பக்கத்தில் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். வெறும் கை பயமாக இருக்கிறது. விரல் தானாகவே இல்லாத இலையைச் சுருட்டுகிறது.

பீடிக்கடையில் செக்கர், "என்னம்மா, ஒரேயடியாக் கொறஞ்சு போச்சு?" என்று கேட்டாராம். அக்கா, "இது என் ஒருத்தி கைதான் சார். இத்தனை நாளும் என் தங்கச்சி கையும் சேந்து வந்துச்சு" என்றாளாம். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது, "புரட்டாசி வரட்டும், முதல்ல உனக்கு அட்டை எடுக்கணும்" என்றாள்.

ஆகஸ்ட் 3

மாத்திரை அட்டையை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். என்னிடமும் தரவில்லை, அக்காவிடமும் தரவில்லை. காலையில் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கொடுக்கிறாள். விழுங்கியதும், "நாக்கத் தூக்கு" என்கிறாள். கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்று, "நான் துப்ப மாட்டேம்மா" என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. "உங்க அப்பாவும் அப்படித்தான் சொன்னாவ" என்றாள்.

ஆடு கத்தியது. 

"ரெண்டு மாசம் தின்னாவ. இருமல் நின்னுட்டு, உடம்பும் தேறிட்டு. மாத்திர தின்னா தல சுத்துது, பட்டறைல நிக்க முடியலன்னாவ. நான்தான் நல்லாயிட்டுல்லா, நிப்பாட்டுங்கன்னு சொன்னேன்." முடிச்சை மறுபடி போட்டாள், இறுக்கி. "அப்புறம் அது திரும்பி வந்தப்ப எந்த மாத்திரைக்கும் கேக்கல."

நெஞ்சு வலி இல்லையா என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்த ஒன்றை எதற்குக் கேட்க வேண்டும்? அம்மாவும் இவ்வளவு காலம் என்னைப் போலத்தான் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். நான் இலைச் சாக்கில் போட்டேன். அவள் எங்கே போட்டு வைத்திருந்தாளோ.

ஒன்றுக்கு ஆரஞ்சு நிறமாகப் போகிறது. முதல் தடவை பார்த்தபோது அலறவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 9

இரவில் பாய் நனையவில்லை. இரண்டு நாளாக இல்லை. ஹெப்சிபாவிடம் சொன்னதற்கு, நல்ல அறிகுறி, ஆனால் இப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்றார். இப்போதுதான் என்று அவர் சொன்னபோது அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அம்பையிலிருந்து பேச்சில்லை. ஆடி இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

மத்தியானம் தண்ணீர் குடிக்கப் பின்கதவுக்குப் போனேன். ஆணி வெறுமையாக இருந்தது. பயந்துபோய் அங்கும் இங்கும் தேடினேன். எங்கேயாவது வீசிவிட்டாளோ என்று நினைத்தேன். என் டம்ளர் அடுப்படிப் பலகையில் இருந்தது. மற்ற டம்ளர்களோடு ஒட்டாமல், வரிசையின் கடைசியில், இரண்டு விரல் தள்ளி. ஆனால் மற்றவற்றைப் போலவே கழுவி, கவிழ்த்து வைத்திருந்தாள்.

எடுத்துக் குடித்தேன். கழுவினேன். எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் வைத்த அதே இடத்தில், இரண்டு விரல் தள்ளி, கவிழ்த்து வைத்தேன்.